விற்காமல் போன பாட்டின் விலை

2009-ல் இங்கிலாந்தில் ஓர் ஏழு அங்குல இசைத்தட்டு 25,742 பவுண்டுக்கு ஏலம் போனது. பாடியவர் ஃபிராங்க் வில்சன். 'டூ ஐ லவ் யூ' என்ற அந்தக் காதல் பாட்டு இரண்டரை நிமிடம் ஓடும். டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் கம்பெனி 1965 கடைசியில் அதை வெளியிடுவதாக இருந்தது. வானொலிக்காரர்களுக்குக் கொடுக்கச் சில நூறு மாதிரித் தட்டுகளும் அச்சாகிவிட்டன. அந்த நேரம் பார்த்து முதலாளி பெரி கோர்டி வில்சனைக் கூப்பிட்டு, பாடகனாக இருக்கப்போகிறாயா, மற்றவர்களுக்குப் பாட்டுத் தயாரித்துக் கொடுக்கப்போகிறாயா என்று கேட்டிருக்கிறார். வில்சன் தயாரிப்பைத் தேர்ந்தெடுத்தார். தட்டுகளை அழித்துவிட்டார்கள். உலகத்தில் மிச்சம் இருப்பது இரண்டே இரண்டு என்று சேகரிப்பாளர்கள் நீண்ட காலம் நம்பினார்கள். 2020-ல் ஒரு பிரதி ஒரு லட்சம் பவுண்டுக்குக் கைமாறியதாகச் செய்தி வந்தது.

இதைக் கேட்டதும் யாருக்கும் தோன்றும் கேள்வி: பாட்டு அவ்வளவு நன்றாக இருக்குமா? நன்றாகத்தான் இருக்கும், இணையத்தில் காசில்லாமல் கேட்டுப் பார்க்கலாம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு கேள்வி. 2009-ல் வில்சன் உயிரோடுதான் இருந்தார். அந்த 25,742 பவுண்டில் அவருக்கு எவ்வளவு போனது? ஒரு காசுகூட இல்லை. நடைபாதைக் கடையில் நாம் வாங்கும் பழைய நாவலுக்கு எழுத்தாளருக்கு ராயல்டி போவதில்லை அல்லவா, அதே கணக்குதான். தட்டு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும், பணம் எதிர்த்திசையில் போகும், பாடியவர் அந்தப் பாதையிலேயே இல்லை.

வில்சன் பாடியது சோல் என்கிற இசைவகை. அதன் அபூர்வத் தட்டுகளைச் சேர்ப்பவர்களில் பலர் எழுபது, எண்பது வயதுப் பாடகர்களை மேடையில் பார்க்க ஊர் விட்டு ஊர் போகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்று சேகரிப்புப் பைத்தியம், மற்றது கச்சேரிப் பைத்தியம். உள்ளே போய்ப் பார்த்தால் இரண்டும் ஒரே கதையின் இரண்டு பாதிகள்.

சோல் என்பது என்ன?

அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயத்தில் பாடும் பாட்டுக்குக் காஸ்பெல் என்று பெயர். ஒருவர் ஒரு வரியை எடுத்துக்கொடுக்க, கூட்டம் அதை வாங்கித் திருப்பிப் பாடும், நம் பஜனைக் கோஷ்டி மாதிரி. குரல் உடைகிற எல்லை வரை போய்த் திரும்பும். சொல் தீர்ந்த இடத்தில் வெறும் ஓசையே பாட்டாகும். 1950களில் ரே சார்ல்ஸ், சாம் குக் போன்றவர்கள் அந்தக் குரலையும் சில நேரம் அந்த மெட்டையுமே எடுத்து, கர்த்தர் இருந்த இடத்தில் காதலியை வைத்துப் பாடினார்கள். தேவாலயக்காரர்களுக்குக் கோபம் வந்தது. ஆனால் பிறந்த குழந்தை பிறந்ததுதான். அதற்குத்தான் சோல் என்று பெயர். ஆன்மா என்று மொழிபெயர்க்கலாம், ஆனால் அப்படிச் சொன்னால் ஆன்மிகச் சொற்பொழிவு ஞாபகம் வந்துவிடும். சோல் என்றே வைத்துக்கொள்வோம்.

1960களில் ஊருக்கு ஊர் இதன் வாடை மாறியது. 1959-ல் கோர்டி தன் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கித் தொடங்கிய கம்பெனி, டெட்ராய்ட்டில் ஒரு சாதாரண வீட்டின் பின்கட்டை ஸ்டூடியோவாக்கியது. அங்கிருந்து வந்தவை தாளம் திட்டமாக விழுகிற, இஸ்திரி மடிப்புக் கலையாத பாட்டுகள். மெம்பிஸில் ஸ்டாக்ஸ் கம்பெனி ஒரு பழைய சினிமா தியேட்டருக்குள் உட்கார்ந்து கொஞ்சம் கரடுமுரடாகப் பாடியது. சிகாகோவுக்கு ஒரு பாணி, அலபாமா மாநிலத்தின் மசல் ஷோல்ஸ் என்ற சின்ன ஊருக்கு ஒரு பாணி.

இந்தப் பெரிய பெயர்களைச் சுற்றி நூற்றுக்கணக்கான சில்லறைக் கம்பெனிகள் முளைத்தன. கையில் கொஞ்சம் பணம், தெரிந்த பாடகர் ஒருவர், ஒரு மதியம் ஸ்டூடியோ வாடகை, இவை போதும். சில நூறு தட்டு அச்சடித்து, வண்டியின் டிக்கியில் அடுக்கிக்கொண்டு உள்ளூர் வானொலி நிலையத்துக்குப் போவார்கள். வானொலி போட்டால் விற்கும், போடாவிட்டால் இல்லை. வானொலியைக் 'கவனிக்க' வேண்டிய முறையில் கவனிக்கப் பெரிய கம்பெனிகளிடம் ஆளும் பணமும் இருந்தன, சின்னவர்களிடம் இல்லை. விற்று ஓடினாலும் ஆபத்துதான். அடுத்த ஊரிலிருந்து ஐயாயிரம் பிரதி கேட்டால் அச்சடிக்க முதல் இருக்காது, அனுப்பியதற்குப் பணம் வர மாதக்கணக்கில் ஆகும். இப்படிப் பாட்டு நன்றாக இருந்தும் செத்துப்போன தட்டுகள் ஆயிரக்கணக்கில் கிடங்குகளில் தூங்கின. பாடியவர்களில் பலர் தொழிற்சாலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தேவாலயத்துக்கும் திரும்பிப் போனார்கள்.

அபூர்வம் என்ற சொல்லுக்குப் பின்னால் இருப்பது இதுதான். தட்டு அரிதாக இருப்பதற்குக் காரணம், அன்றைக்கு அதை யாரும் வாங்கவில்லை. லட்சக்கணக்கில் விற்ற பாட்டின் தட்டு இன்றைக்குக் குப்பை விலைக்குக் கிடைக்கும். தோற்ற பாட்டுக்குத்தான் விலை.

தோற்ற பாட்டைத் தூக்கிவிட்ட ஊர்கள்

அந்தத் தட்டுகளைத் தூக்கத்திலிருந்து எழுப்பியவர்கள் அமெரிக்கர்கள் அல்ல. இங்கிலாந்தின் வடபகுதியில், பஞ்சாலையும் நிலக்கரியும் கம்பெனிச் சங்கும் வாழ்க்கையாக இருந்த ஊர்களின் இளைஞர்கள். பெரும்பாலும் வெள்ளைக்காரத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். வாரம் முழுக்க வேலை, சனிக்கிழமை இரவு முழுக்க ஆட்டம். மான்செஸ்டரில் ட்விஸ்டட் வீல் என்ற கிளப்பில் இது வேர்விட்டது.

அதற்குப் பெயர் வைத்தவர் டேவ் கோடின் என்ற இசைப் பத்திரிகையாளர். லண்டனில் சோல் சிட்டி என்று ஒரு தட்டுக்கடை நடத்திவந்தார். கால்பந்து ஆட்டம் பார்க்க வடக்கிலிருந்து வருகிற பையன்கள் கடைக்குள் நுழைந்து, தலைநகரில் அப்போது ஓடிக்கொண்டிருந்த புது ஃபங்க் பாணியைத் திரும்பியும் பார்க்காமல், நாலைந்து வருடம் பழைய வேகப் பாட்டுகளைக் கேட்பதைக் கவனித்தார். கடைப்பையன்களுக்குப் புரியட்டும் என்று, வடக்கத்தியான் வந்தால் இந்த வகையை எடுத்துப் போடு என்கிற பொருளில் 'நார்தர்ன் சோல்' என்று சொல்லிவைத்தார். 1970-ல் பத்திரிகையிலும் எழுதினார். பெயர் ஒட்டிக்கொண்டது. ஆகவே நார்தர்ன் சோல் என்றால் அமெரிக்காவின் வடக்கு அல்ல. பாட்டு அமெரிக்காவுடையது, 'வடக்கு' இங்கிலாந்துடையது. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது.

வீல் 1971 தொடக்கத்தில் மூடியது. ஸ்டோக் நகரப் பக்கம் கோல்டன் டார்ச், கடலோரத்தில் பிளாக்பூல் மெக்கா என்று ஆட்டம் இடம் மாறியது. 1973 செப்டம்பர் 23 அன்று விகன் என்ற ஆலை ஊரில், கேசினோ என்று பெயர் இருந்தாலும் சூதாட்டம் இல்லாத ஒரு பழைய நடன மண்டபத்தில், இரவு இரண்டு மணிக்குக் கதவு திறந்தது. காலை எட்டு மணி வரை ஆட்டம். அந்த நேரத்தில் மது கிடையாது. கால் வழுக்க வேண்டும் என்பதற்காகத் தரையில் பவுடர் தூவுவார்கள். அகலக் கால்சட்டை, சுழற்சி, தரையில் விழுந்து எழும் வித்தைகள். வியர்த்துக் கொட்டும் என்பதால் மாற்றுச் சட்டையோடு தோள்பை. அந்தப் பையில் மாத்திரைகளும் போனதுண்டு. விடிய விடிய ஆட உற்சாக மாத்திரை போட்டார்கள், போலீஸ் தொல்லையும் வந்தது. இதை மறைத்துச் சொல்ல வேண்டியதில்லை.

கேசினோவில் விடிகாலையில் எப்போதும் ஒரே மூன்று பாட்டுகள்தான் கடைசியாக ஓடும். 'எட்டுக்கு முன் மூன்று' என்பார்கள். பாடியவர்கள் டோபி லெஜண்ட், ஜிம்மி ராட்கிளிஃப், டீன் பாரிஷ். இதில் ராட்கிளிஃப் 1973 ஜூலையில், 36 வயதில் இறந்துபோனார். கேசினோ திறந்தது அதற்கு இரண்டு மாதம் கழித்து. எட்டு வருடம் வாராவாரம் ஒரு மண்டபம் முழுக்கத் தன் குரலைக் கேட்டு வீட்டுக்குப் போனது அந்த மனிதருக்குத் தெரியவே தெரியாது. பாரிஷுக்கு இந்தச் சங்கதி பல வருடம் கழித்துத்தான் எட்டியது. அதற்கப்புறம் இங்கிலாந்துக்கு வந்து, தன் பாட்டைத் தன்னைவிட நன்றாக மனப்பாடம் செய்துவைத்திருந்த கூட்டத்தின் முன்னால் பாடினார்.

பாட்டை ஒளித்துவைத்த கதை

நல்ல பாட்டுகள் தீரத் தீர, டி.ஜே.க்களுக்குள் போட்டி முற்றியது. மற்றவனிடம் இல்லாத தட்டு என்னிடம் இருக்க வேண்டும். விமானம் ஏறி அமெரிக்கா போய்க் கிடங்குகளைப் புரட்டினார்கள். பிளாக்பூல் மெக்காவின் டி.ஜே. இயன் லெவினுடைய குடும்பத்துக்கு மயாமியில் வீடு இருந்தது. அவர் அங்கிருந்து அள்ளிக்கொண்டு வந்த தட்டுகளுக்குக் கணக்கில்லை.

கிடைத்ததை மற்றவன் தேடிப் பிடிக்காமல் இருக்க ஒரு தந்திரம்: நடுவில் உள்ள லேபிளின் மேல் வெள்ளைத்தாளை ஒட்டிவிட்டு, பாடகருக்கும் பாட்டுக்கும் கற்பனைப் பெயர் சூட்டுவது. ஃபிராங்க் வில்சன் பாட்டை எட்டி ஃபாஸ்டர் பாடியது என்று சொல்லித்தான் கொஞ்ச காலம் போட்டார்கள். ஜமைக்காவில் 1950களிலேயே இந்த வேலை நடந்திருக்கிறது. கிங்ஸ்டன் நகரத்தில் ஒலிபெருக்கி செட் வைத்து ஆட்டம் நடத்திய காக்ஸன் டாட், அமெரிக்கத் தட்டின் லேபிளைச் சுரண்டிவிட்டு அதற்குத் தன் பெயரையே வைத்துக்கொண்டார். எனக்கு இதில் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். ஏற்கெனவே பெயர் தெரியாமல் போனவன், அவன் பாட்டுக்கு ஊரே ஆடுகிறது, அப்போதும் வேறொருவன் பெயர்.

தட்டைக் கையில் எடுத்தால்

இனி கொஞ்சம் கைவேலை. பழைய தமிழ்ப் படப் பாட்டு ஈ.பி. தட்டு ஏதாவது வீட்டுப் பரணில் இருந்தால் இறக்கிப் பாருங்கள். ஏழு அங்குலம், நிமிடத்துக்கு 45 சுற்று. சோல் உலகம் சுற்றுவதும் அதே வேகத்தில்தான். 1949-ல் ஆர்.சி.ஏ. விக்டர் கம்பெனி அறிமுகப்படுத்திய வடிவம் இது. ஒரு வித்தியாசம்: அமெரிக்கத் தட்டின் நடுவில் ஒன்றரை அங்குல அகலத்தில் பெரிய ஓட்டை இருக்கும். நம் ரெக்கார்ட் பிளேயரில் போட வேண்டுமானால் நடுவில் ஒரு சின்ன பிளாஸ்டிக் வில்லை பொருத்த வேண்டும். தட்டு வாங்கும் ஆவலில் இந்த வில்லையை மறந்தவர்கள் கட்சியில் நானும் ஒருவன்.

ஒரே பாட்டு இரண்டு உருவத்தில் வரும். கடையில் விற்கும் பிரதி ஒன்று. வானொலிக்கு இலவசமாக அனுப்பும் டெமோ இன்னொன்று. டெமோவின் லேபிள் பெரும்பாலும் வெள்ளையாக, 'விற்பனைக்கு அல்ல' என்ற வாசகத்தோடு இருக்கும். பிரிட்டிஷ் டெமோ என்றால் பெரிய 'ஏ' எழுத்து ஒன்று அச்சாகியிருக்கும். சில பாட்டுகள் டெமோவோடு நின்றுவிட்டன. வில்சன் பாட்டு அந்த ரகம்.

எந்த நாட்டில், எந்த லேபிளில், அதாவது எந்தக் கம்பெனியின் பெயரில் அச்சானது என்பதும் விலையைத் தலைகீழாக்கும். டாரல் பேங்க்ஸ் பாடிய 'ஓப்பன் த டோர் டு யுவர் ஹார்ட்' 1966-ல் அமெரிக்காவில் நன்றாகவே விற்ற பாட்டு. அமெரிக்கத் தட்டைச் சாதாரண விலைக்கு வாங்கலாம். ஆனால் பிரிட்டனில் லண்டன் என்ற லேபிள் அதை வெளியிடத் தயாரானபோது உரிமை வேறு லேபிளுக்குப் போனதால் கைவிட வேண்டியதாயிற்று. அப்படித் தப்பிப் பிழைத்த பிரதி ஒன்று 2014-ல் ஏலத்துக்கு வந்தது: 14,543 பவுண்டு. பாட்டு அதே பாட்டு, குரல் அதே குரல், ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. இந்த இடத்தில் சேகரிப்பு என்பது இசையைத் தாண்டி, தபால்தலை சேர்ப்பது மாதிரி ஆகிவிடுகிறது. குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் புதியவர் இதைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். பேங்க்ஸ் 1970-லேயே டெட்ராய்ட்டில் ஒரு போலீஸ்காரரின் துப்பாக்கிக்குப் பலியானவர்.

வெறும் அபூர்வம் விலையைக் கூட்டாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஐம்பது பிரதி மட்டுமே இருக்கிற மோசமான பாட்டை யாரும் சீண்ட மாட்டார்கள். ஆட்டக்களம் அந்தப் பாட்டுக்கு நிறைய வேண்டும், கிடைப்பது குறைவாக இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் விலை.

போலிக்கு வருவோம். ஒரு பாட்டுக்கு மவுசு வந்ததும் கள்ளப்பதிப்பும் வந்துவிடும். 1970களிலேயே அசலைப் பார்த்து அச்சு அசலாக லேபிள் அடித்தார்கள். இன்றைக்கு அந்தப் போலிகளுக்கும் ஐம்பது வயதாகி, தாள் மஞ்சளாகி, பார்வைக்கு மூத்த அசல் போல இருக்கின்றன. லேபிளை நம்பாதீர்கள். பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் முன் வழவழவென்று ஒரு வளையம் இருக்கும். அதில் கீறியோ குத்தியோ வைத்திருக்கும் எண்ணுக்கு மேட்ரிக்ஸ் என்று பெயர். அசலில் எண் இயந்திரத்தால் பதிந்திருக்க, உங்கள் கையில் இருப்பதில் யாரோ ஊசியால் கிறுக்கியிருந்தால் சந்தேகப்படுங்கள். சில அசல்களிலும் கையால்தான் எழுதியிருப்பார்கள். அதனால் பொதுவிதி கிடையாது, அந்தந்தத் தட்டின் ஜாதகத்தைப் பார்க்க வேண்டும். டிஸ்காக்ஸ் போன்ற தளங்களில் ஒவ்வொரு பதிப்பின் மேட்ரிக்ஸும், இதற்கு முன் என்ன விலைக்கு விற்றது என்பதும் இருக்கும். வாங்கும் முன் பத்து நிமிடம் அங்கே செலவழித்தால் பல மாதச் சேமிப்பு மிஞ்சும். நான் வாங்கிய முதல் 'அசல்' தட்டின் வளையத்தை, வாங்கி இரண்டு வருடம் கழித்துத்தான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். விற்றவருக்கே தெரிந்திருக்காது என்று இன்றைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

தட்டு எதனால் ஆனது என்பதும் முக்கியம். எல்லாத் தட்டும் வினைல் அல்ல. அமெரிக்காவில் சில ஆலைகள் ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கை உருக்கி அச்சுக்குள் ஊற்றின. மலிவு, வேகம். ஆனால் ஊசி பட்டுப் பட்டு ஸ்டைரீன் சீக்கிரம் தேயும், கை தவறினால் விரிசல் விடும், ஓரம் உடையும். மேலோட்டமாகப் பளபளவென்று இருக்கிற ஸ்டைரீன் தட்டு, போட்டால் மழை பெய்வது போல இரையும். கண்டுபிடிக்க ஒரு வழி: வினைலில் லேபிள் தட்டோடு சேர்ந்து அழுந்தியிருக்கும், ஸ்டைரீனில் பெரும்பாலும் பிறகு ஒட்டியது போல இருக்கும். விரலால் மெல்லத் தட்டினால் ஓசையும் சன்னமாக வரும்.

தட்டின் நிலையைச் சொல்ல ஒரு பரிபாஷை இருக்கிறது. மின்ட் என்றால் புத்தம் புதுசு. நியர் மின்ட் கிட்டத்தட்டப் புதுசு. விஜி பிளஸ், அதாவது 'வெரி குட் பிளஸ்' என்றால் லேசான கீறல், பாட்டுக்குப் பாதகமில்லை. விஜி என்றால் இரைச்சல் கேட்கும், ஆனால் பாட்டு அமுங்காது. அதற்குக் கீழே 'குட்' என்று போட்டிருந்தால் ஆங்கிலத்தை நம்பி ஏமாறாதீர்கள், அது நல்லதே அல்ல. விற்பவர் கண்ணால் பார்த்துத் தரம் போட்டாரா, போட்டுக் கேட்டுச் சொன்னாரா என்று கேளுங்கள்.

இந்த வட்டத்தில் தீவிரவாதிகள் உண்டு. ஆட்டக்களத்தில் அசல் தட்டைத் தவிர வேறெதையும் சுழலவிடக் கூடாது என்பது அவர்கள் சட்டம். மறுபதிப்பு என்றால் முகம் சுளிப்பார்கள். தொடங்குபவருக்கு என் யோசனை நேர் எதிர். மறுபதிப்பிலேயே தொடங்குங்கள். லண்டனில் ஏஸ் கம்பெனியின் கென்ட் லேபிள் 1982 முதல் இந்தப் பாட்டுகளை முறையாக உரிமை வாங்கி, யார் பாடியது, எங்கே பதிவானது என்று விசாரித்து எழுதி வெளியிடுகிறது. கிடங்குகளில் கிடந்த ஒலிநாடாக்களைத் தேடி, அந்தக் காலத்தில் வெளிவராமலே போன பாட்டுகளையும் கொண்டுவந்திருக்கிறார்கள். உரிமை வாங்கிய மறுபதிப்பு என்றால் உரியவருக்கு ஏதோ கொஞ்சமாவது போய்ச்சேர வழி இருக்கிறது. பத்தாயிரம் பவுண்டு அசலில் அந்த வழி இல்லை.

பாடியவருக்குப் போகாத பணம்

இங்கே ஒரு விஷயத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் சாதாரண வானொலியில் ஒரு பாட்டு ஒலித்தால், பாட்டை எழுதியவருக்குத் தொகை உண்டு, பாடியவருக்குக் கிடையாது. இன்றைக்கும் அப்படித்தான். ஒரு பாட்டு கோடி முறை ஒலித்தாலும், எழுதியவர் பட்டியலில் பெயர் இல்லாத பாடகருக்கு வானொலி ஒரு சென்ட் தராது. தட்டு விற்பனையில் பங்கு என்று ஒப்பந்தத்தில் இருந்தாலும், ஸ்டூடியோ செலவு, பயணச் செலவு என்று கழித்து, பாடகரே கம்பெனிக்குக் கடன்பட்டவர் என்று கணக்குக் காட்டிய கதைகள் ஏராளம். 1950களில் அட்லாண்டிக் கம்பெனிக்குப் பெரிய வெற்றிகளைக் கொடுத்த பாடகி ரூத் பிரவுன், பின்னால் வீட்டுவேலை செய்தும் பஸ் ஓட்டியும் பிள்ளைகளை வளர்த்தார். பல வருடம் போராடி, 1980களின் கடைசியில் கம்பெனியைக் கணக்கைத் திருத்தவைத்தார். அதே போராட்டத்திலிருந்து 1988-ல் முதிய கலைஞர்களுக்கு உதவ ஓர் அறக்கட்டளையும் பிறந்தது.

பிரெண்டா ஹாலோவேயின் கதை மறுபக்கம். மோட்டவுனில் பாடிய அவர் 1967-ல் தங்கை பாட்ரிஸோடும் கோர்டியோடும், நம் ஃபிராங்க் வில்சனோடும் சேர்ந்து ஒரு பாட்டு எழுதினார். அவர் பாடியபோது சுமாராகத்தான் போனது. 1969-ல் ஒரு ராக் குழு அதையே பாடி அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடம் பிடித்தது. எழுதியவர் பட்டியலில் பெயர் இருந்ததால் அந்த வெற்றியில் அவருக்குப் பங்கு இருந்தது. எழுதியவரா, பாடியவரா என்பது அந்தத் தொழிலில் சோற்றுப் பிரச்சினை. கோர்டி கேட்டபோது வில்சன் ஏன் பாட்டை விட்டுத் தயாரிப்பைத் தேர்ந்தெடுத்தார் என்பது இப்போது புரிகிறதா? எனக்கு அது தியாகமாகத் தெரியவில்லை, கணக்குத் தெரிந்தவர் செய்கிற காரியமாகத்தான் தெரிகிறது.

மேடை

அப்படியானால் பாடகர் கைக்கு நேராகப் பணம் போகும் இடம் எது? மேடை. இங்கிலாந்துக் கிளப்புகள் இதை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துவிட்டன. 1972 டிசம்பரில் சிகாகோ பாடகர் மேஜர் லான்ஸ் கோல்டன் டார்ச்சில் பாடினார். சொந்த ஊரில் மவுசு குறைந்துவிட்ட மனிதர், ஸ்டோக் பக்கத்து மண்பாண்டத் தொழிலாளர் பிள்ளைகள் வரிக்கு வரி கூடவே பாடுவதைக் கேட்டார். அந்தக் கச்சேரி ஒலிப்பதிவாகித் தட்டாகவும் வந்தது. கேட்டால் பாட்டைவிடக் கூட்டத்தின் சத்தம்தான் முதலில் காதில் விழும். அமெரிக்கப் பாடகர் எட்வின் ஸ்டார் இங்கிலாந்திலேயே குடியேறி, 2003-ல் நாட்டிங்ஹாம் அருகே காலமாகும் வரை மேடை ஏறிக்கொண்டிருந்தார். ஜப்பானும் சளைத்ததல்ல. ஓ.வி. ரைட், ஓட்டிஸ் கிளே போன்ற அமெரிக்கத் தென்மாநில சோல் பாடகர்கள் அமெரிக்காவில் ஓய்ந்த நேரத்தில் ஜப்பான் அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டது, அந்தக் கச்சேரிகளும் தட்டாக வந்தன. இத்தாலியில் பொரெட்டா தெர்மே என்ற மலையூரில் சோல் பாடகர் ஓட்டிஸ் ரெடிங் நினைவாக 1988 முதல் கோடையில் சோல் விழா நடக்கிறது. விழா நடக்கும் பூங்காவுக்கு மெம்பிஸ் பாடகர் ரூஃபஸ் தாமஸின் பெயரையே வைத்துவிட்டார்கள்.

சேகரிப்பாளர்கள் இல்லாவிட்டால் இந்த மேடைகளில் பாதி இல்லை. பாடகி பெட்டி லாவெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1962-ல் 16 வயதில் முதல் தட்டு வெற்றி. அப்புறம் கம்பெனி கம்பெனியாக அலைச்சல். 1972-ல் மசல் ஷோல்ஸில் முழு ஆல்பம் பதிவானது, கம்பெனி அதைப் பரணில் போட்டுவிட்டது. ஒரு பிரெஞ்சு சேகரிப்பாளர் தோண்டி எடுத்து 2000-ல் வெளியிட்ட பிறகுதான் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. 2009 ஜனவரியில், ஒபாமா பதவியேற்பை ஒட்டி வாஷிங்டனில் லிங்கன் நினைவிடத்துப் படிகளில் நின்று பாடினார். அப்போது வயது 62.

முதிய பாடகரின் கச்சேரிக்கு முதன்முறை போகிறவர் எதை எதிர்பார்க்கலாம்? தட்டில் கேட்ட குரல் இருக்காது. இருபது வயதில் பதிவான குரல் எழுபத்தைந்தில் வராது. சுருதி ஒன்றிரண்டு கட்டை இறங்கியிருக்கும். உச்சத்தைக் கூட்டத்திடம் விட்டுவிட்டு மைக்கை நீட்டுவார்கள். ஆனால் வரிக்கு எடை கூடியிருக்கும். பிரிவுத் துயரத்தை இருபதில் பாடுவதும், இருவரைப் புதைத்த பிறகு பாடுவதும் ஒன்றா? சாலமன் பர்க் கடைசி வருடங்களில் நிற்க முடியாமல் மேடையில் சிம்மாசனம் போட்டு உட்கார்ந்துதான் பாடினார். யாரும் குறையாகச் சொன்னதில்லை. பல பாடகர்கள் ஐம்பது வருடத்துக்கு முன் ஒரே ஒரு மதியம் பாடிவிட்டு மறந்துபோன பாட்டை, ரசிகர்கள் அனுப்பிய பதிவைக் கேட்டுத் திரும்பப் பாடம் பண்ணிக்கொண்டு வருகிறார்கள். கையில் காகிதம் வைத்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் வாங்கும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். பின்னால் வாத்தியக்குழு உண்டா, அல்லது பதிவு ஒலிக்க அதன்மேல் பாடுகிறாரா? பின்னது மட்டம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் விலை அதற்கேற்ப இருக்க வேண்டும். குழுவின் பெயரில் கச்சேரி என்றால் அசல் உறுப்பினர் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பெயர் ஒருவர் கையில், குரல் வேறொருவர் கையில் என்பது இந்தத் தொழிலில் பழைய கதை. புரூக்ளினைச் சேர்ந்த வெலோர்ஸ் என்ற குழுவை 1960களின் கடைசியில் இங்கிலாந்துக்கு அழைத்துவந்து, 'ஃபேபுலஸ் டெம்ப்டேஷன்ஸ்' என்று போஸ்டர் அடித்து மேடை ஏற்றினார்கள். மக்கள் மோட்டவுனின் பிரபலக் குழுவான டெம்ப்டேஷன்ஸ் என்று நினைத்துக் காசு கொடுத்தார்கள். நல்லவேளையாக அவர்கள் நன்றாகவே பாடக்கூடியவர்கள். பின்பு ஃபென்டாஸ்டிக்ஸ் என்று தங்களுக்கென்று ஒரு பெயர் வைத்துக்கொண்டு 1971-ல் பிரிட்டிஷ் பட்டியலில் பத்துக்குள் வந்தார்கள்.

கச்சேரி முடிந்ததும் உடனே கிளம்பிவிடாதீர்கள். வாசல் பக்கம் ஒரு மேசை போட்டிருப்பார்கள். பாடகரோ அவர் மகளோ உட்கார்ந்து சி.டி.யும் சட்டையும் விற்றுக்கொண்டிருப்பார்கள். வீட்டில் உள்ள பழைய தட்டைக் கையெழுத்துக்கு எடுத்துக்கொண்டு போகலாம். தங்களிடமே பிரதி இல்லாமல், பல வருடம் கழித்துத் தங்கள் தட்டைப் பார்ப்பவர்கள் உண்டு. புரட்டிப் பார்க்கட்டும், அவசரப்படுத்தாதீர்கள். பிறகு அந்த மேசையில் ஒன்றிரண்டு சி.டி. வாங்குங்கள், வீட்டில் சி.டி. போட இயந்திரம் இல்லாவிட்டாலும். மீதிச் சில்லறை கேட்க வேண்டாம்.